கல்லில் நின்ற நாய், சுவரில் நிற்கும் புலி

பெங்களூர் ஜீவனஹள்ளியிலிருந்து மேற்கே காக்ஸ் டவுனைத் தாண்டி நடந்தால், எலிக்குப் பயந்து கட்டிய ஒரு பேட்டை வந்துவிடும். 1898-இல் ரயிலேறி பெங்களூருக்கு வந்த பிளேக், நெருக்கமான தெருக்களில் வீட்டுக்கு வீடு சாவு வைத்தது. ஊரை அகலப்படுத்த வேண்டும் என்று சர்க்காருக்கு அப்போதுதான் உறைத்தது. நகரத்துப் பக்கம் மல்லேஸ்வரமும் பசவனகுடியும் எழுந்தன. கன்டோன்மென்ட் பக்கம் 1906-இல் ஃப்ரேசர் டவுனுக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஜே. எச். ஸ்டீபன்ஸ் என்ற பொறியாளர் காற்றோட்டமான, எலி புகாத வீடுகளைத் திட்டமிட்டார். பிளேக் அண்டாத நகரமைப்பு பற்றி 1914-இல் ஒரு புத்தகமே எழுதிவிட்டார். இன்று அந்தப் பேட்டைக்கு அரசாங்கப் பெயர் புலிகேசி நகர். ராத்திரி கடைகள் ஷட்டரை இறக்குகிற நேரத்தில் மாஸ்க் ரோடு பக்கம் நின்று பார்த்தால், சாக்கடைப் பலகைக்கு அடியிலிருந்து பூனைக்குட்டி அளவுப் பெருச்சாளிகள் கிளம்பும். ஸ்டீபன்ஸின் புத்தகத்தை அவை படித்ததாகத் தெரியவில்லை.

அதே பிளேக்குக்கு ஜனங்கள் வேறொரு பதிலும் வைத்திருந்தார்கள். அம்மனுக்குக் கோயில் எடுத்தார்கள். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் இன்றும் குடியிருக்கிறாள். பெங்களூரிலும் பிளேகம்மாவுக்குக் கோயில் உண்டு. பொறியாளர் எலியை வெளியே நிறுத்தப் பார்த்தார். ஜனங்களோ எலி கொண்டுவந்ததை ஊருக்குள்ளேயே ஓரிடத்தில் உட்காரவைத்து, வேப்பிலை கட்டிக் கூழ் ஊற்றி, இங்கேயே இரு தாயே, வீட்டுக்குள் மட்டும் வராதே என்று பேசி முடித்துக்கொண்டார்கள். நோயைக் கட்டுப்படுத்தும் விஷயத்தில் நான் ஸ்டீபன்ஸின் கட்சிதான். ஆனால் பக்கத்திலேயே வாழும் உயிரோடு எப்படிக் காலம் தள்ளுவது என்ற கேள்விக்குத் திறந்தவெளியில் ஓர் உருவத்தை நிறுத்திப் பதில் சொல்வது இந்த மண்ணின் பழைய பழக்கம். அந்தப் பழக்கம் எங்கே போய் நிற்கிறது என்று ஜீவனஹள்ளியிலிருந்து பார்த்தால் கொஞ்சம் வேடிக்கையாகவும் இருக்கிறது, கொஞ்சம் கோபமாகவும் வருகிறது.

ஜீவனஹள்ளியும் அதைச் சுற்றியுள்ள பல பேட்டைகளும் கிராமமாக இருந்து நகரத்துக்குள் வந்து சேர்ந்தவை. இப்படி ஊருக்குள் மாட்டிக்கொண்ட கிராமங்களைப் பெங்களூரில் அடையாளம் காண ஒரு சுலபமான வழி உண்டு: அரச மரத்து மேடை. கன்னடத்தில் அசுவத்த கட்டெ என்பார்கள். அரசும் வேம்பும் பின்னி வளர்ந்திருக்கும், அடியில் கல் மேடை, மேடைமேல் நாகர் கற்கள். இரண்டு பாம்புகள் முறுக்கிக்கொண்டு முகத்தோடு முகம் பார்க்கும் கல், ஐந்து தலை விரித்த கல், பாம்புடலின் வளையத்துக்குள் ஒரு சின்ன லிங்கம் வைத்த கல். பிள்ளை வேண்டிக்கொண்டவர்கள் நேர்ந்து நட்டவை இவற்றில் நிறைய. கல்லைச் செதுக்கி, சில காலம் குளத்து நீரில் ஊறவைத்து, பிறகு மேடையில் நிறுத்துவது வழக்கம். பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூர் பக்கம் விதுராசுவத்தம் என்ற ஊரில் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன.

கலை வரலாற்றுக்காரர்கள் இந்தக் கற்களைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. பெரிய கோயில் சிற்பத்தின் நுணுக்கம் இவற்றில் இருக்காது. மஞ்சளும் எண்ணெயும் ஏறி ஏறிப் பாம்பின் முகம் மழுங்கிப் போயிருக்கும். ஆனால் வேலையைப் பார்த்தால் இது கெட்டிக்கார வேலை. பாம்புப் புற்றும் மரப்பொந்தும் உள்ள இடத்தைக் கல் நட்டு விலக்கி வைத்தாகிவிட்டது. அங்கே யாரும் வீடு கட்டுவதில்லை, மரத்தை வெட்டுவதில்லை, குழந்தைகள் குச்சி விட்டுக் குடைவதில்லை. நாகபஞ்சமிக்கு மட்டும் பால் வரும். முன்னோருக்குப் பாம்பின்மேல் பெரிய காதல் இருந்தது என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன்; வீட்டுக்குள் நல்ல பாம்பு வந்தால் அவர்களும் கழியைத்தான் தேடியிருப்பார்கள். கல் சொன்னது எல்லையை: இதுவரைக்கும் உனது, இதற்கு இப்பால் எனது.

இந்தக் கல் கலையின் உச்சம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், நான் கஸ்தூர்பா சாலையில் சிவப்பு வண்ணக் கட்டடமாக நிற்கும் அரசு அருங்காட்சியகத்துக்குத்தான் கூட்டிப்போவேன். அங்கே ஆதகூர்க் கல்வெட்டு இருக்கிறது. மண்டியா மாவட்டத்து ஆதகூரில் ஒரு சிவன் கோயில் எதிரே நின்றிருந்த கல். தமிழர்களுக்கு இது வேறொரு காரணத்துக்காக முக்கியம். தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் மாண்ட செய்தியைச் சொல்லும் கல் இது. வீராணம் ஏரியை வெட்டியவன் என்று நாம் படித்த அதே ராஜாதித்தன். காலம் கி.பி. 949-50. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும் கங்க மன்னன் பூதுகனும் ஜெயித்த பக்கம். சோழ சரித்திரம் எழுதுபவர்கள் இந்த வரிகளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் கல் நடப்பட்டது ராஜாதித்தனுக்காக அல்ல, ஒரு நாய்க்காக.

பூதுகனின் வீரன் மணலேரன் போரில் நன்றாகச் சண்டை போட்டான். வேண்டியதைக் கேள் என்றார்கள். அவன் ஊரைக் கேட்கவில்லை, பொன்னைக் கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு ஒரு வேட்டையில் அந்த நாய் பெரிய காட்டுப்பன்றிமேல் பாய்ந்தது. இரண்டும் செத்தன. மணலேரன் கோயில் எதிரே கல் நட்டு, அதன் பூசைக்கு நிலமும் விட்டான். கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிடும் பூசாரிக்குப் பாவம் சேரும் என்று எச்சரிக்கை வேறு. கல்லின் மேல்பகுதியில் நாயும் பன்றியும் மோதும் காட்சி இருக்கிறது. கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பன்றி பெரிது, நாய் சின்னது, ஆனாலும் பின்வாங்குகிற உடம்பு அல்ல. சிற்பி அந்த நாயை நேரில் பார்த்தவனாக இல்லாவிட்டாலும், பார்த்தவர்கள் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லச் செதுக்கியிருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றும்.

தமிழ்நாட்டிலும் இதற்கு மூத்த உறவு உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்துநான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு நடுகல். கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயும் கல்லில் நிற்கிறது. கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லே சொல்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமும் கொங்குநாட்டிலும் புலிகுத்திக் கற்கள் நிறைய. தொழுவத்துக்கு வந்த ஒரு குறிப்பிட்ட புலி, அதைக் குத்திச் செத்த ஒரு குறிப்பிட்ட ஆள். பொதுவான புலி ஒன்றுக்கு அந்தக் காலத்தில் யாரும் கல் நட்டதில்லை.

இந்த வரிசையில் பெங்களூர்க்காரர்கள் விட்டுக்கொடுக்காத உருப்படி பசவனகுடி நந்தி. கெம்பேகவுடா காலத்தது என்பார்கள். ஒரே கல்லில் சுமார் 15 அடி உயரம், 20 அடி நீளம். சுற்றுவட்டாரத்து நிலக்கடலை வயல்களை ஒரு காளை மேய்ந்து தீர்த்ததாகவும், ஆத்திரத்தில் ஒருவர் அடித்தபோது அது கல்லாய் உறைந்ததாகவும், கல் வளர்ந்துகொண்டே போனதால் தலையில் ஆணி அடித்து நிறுத்தியதாகவும் கதை. கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமை நடக்கும் ‘கடலெகாய் பரிசே’ என்ற கடலைத் திருவிழா அந்தக் கதையின் பேரில்தான்: புது மகசூலில் முதல் பங்கு காளைக்கு. நிலக்கடலை அமெரிக்கக் கண்டத்துப் பயிர், போர்ச்சுகீசியர் காலத்தில் இந்தியாவுக்கு வந்தது. ஆகவே கதை கல்லைவிட இளையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இருக்கட்டும். கையில் இருந்த பெரிய சிற்பத்தின்மேல் ஜனங்கள் ஏற்றி வைத்த கதை எது என்று பாருங்கள்: பயிர் மேய்ந்த மாட்டை அடித்த குற்றவுணர்ச்சி.

அன்று அப்படி.

இன்றைய கதைக்கு 2009-ஐ ஆரம்பமாக வைக்கலாம். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் கர்நாடகத்தில் 1981-லேயே வந்தது. ஆனாலும் சுவரெங்கும் சினிமா போஸ்டர், மூலம் பவுத்திர விளம்பரம், கட்சி அறிவிப்பு. 2009-இல் மாநகராட்சி ஒரு யோசனை செய்தது. ஃப்ளெக்ஸ் வந்து பிழைப்புப் போன சினிமா பேனர் ஓவியர்களைக் கூப்பிட்டு, சுவர்களில் படம் வரையச் சொன்னது. படம் இருந்தால் அதன்மேல் போஸ்டர் ஒட்ட மனசு வராது என்ற நம்பிக்கை. ஹம்பி கல்ரதம், மைசூர் அரண்மனை, யட்சகானம், ஜோக் அருவி, இவற்றுக்கு நடுவே புலி, யானை, மயில். ராஜ்குமாருக்கும் விஷ்ணுவர்தனுக்கும் ஐம்பதடியில் முகம் எழுதிய கைகள். புலியின் மீசையிலும் அந்தப் பளபளப்பு வந்துவிட்டது. அவர்களுக்குக் கூலி கிடைத்தது; அந்த ஒரு காரணத்துக்காகவே அந்தத் திட்டத்தை நான் குறை சொல்லத் தயங்குவேன். சென்னையிலும் ஏறக்குறைய அதே காலத்தில் அண்ணா சாலைச் சுவர்களில் இப்படி வரைந்தார்கள்.

அதன் பிறகு பெங்களூரில் சுவரோவியம் ஒரு இயக்கமாகவே ஆகிவிட்டது. மேம்பாலத் தூண், மெட்ரோ தூண், பள்ளிக்கூட மதில், பூங்காச் சுவர் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. கலைக்கல்லூரி மாணவர்கள், தன்னார்வலர்கள், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி எல்லாம் சேர்ந்தது. தரமும் கூடியிருக்கிறது. ஆனால் என்ன மிருகம் வரைகிறார்கள் என்று மட்டும் கணக்கெடுத்துக்கொண்டு ஒருநாள் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். புலி, யானை, சிறுத்தை, இருவாச்சி, மீன்கொத்தி. கொஞ்சம் துணிச்சலான இடத்தில் திமிங்கலம்கூட உண்டு. பெங்களூரிலிருந்து கடல் எத்தனை தூரம் என்று ஓவியருக்குத் தெரியாமல் இருக்காது. அதே சுவரின் அடியில் படுத்திருக்கும் நாய், மேலே கம்பியில் உட்கார்ந்த காகம், தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறக்கத் தெரிந்த குரங்கு, இரவில் ஓடும் பெருச்சாளி, இறைச்சிக் கடைக்கு மேலே வட்டமிடும் கரும்பருந்து: இவற்றை வரைந்த சுவர் அபூர்வம். நம்மோடு இல்லாத மிருகத்துக்குச் சுவர் கொடுக்கிறோம், இருப்பதற்குக் கொடுப்பதில்லை. மணலேரன் காலத்தோடு ஒப்பிட்டால் தலைகீழ்.

நாய்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி 2023-இல் எடுத்த கணக்குப்படி பெங்களூரின் தெருநாய்கள் சுமார் 2.79 லட்சம். 2019-இல் 3.10 லட்சமாக இருந்தது, கருத்தடையால் குறைந்திருக்கிறது. 2025 ஜூலையில் ஐயாயிரம் நாய்களுக்குச் சோறும் கோழியும் போட 2.88 கோடி ரூபாயில் ஒரு திட்டம் அறிவித்தபோது ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. அடுத்த மாதமே டெல்லித் தெருநாய்கள் விவகாரம் உச்ச நீதிமன்றத்தில் வெடித்து நாடு முழுக்கப் பேச்சாயிற்று. கடி வாங்கிய குழந்தையின் தாய்க்கும், ராத்திரி ஸ்கூட்டரில் சோறு எடுத்துவரும் பெண்ணுக்கும் சொல்ல நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு கட்சியும் பேசுவது எண்ணிக்கையில். சன்னபட்டணம் பக்கம் ஒரு கிராமத்தில் 2010-இல் நாய்களுக்குக் கோயிலே கட்டி இரண்டு சிலை வைத்தார்கள். நகரத்துக்காரர்கள் அதைச் சிரிப்புச் செய்தியாகத்தான் படித்தார்கள். ஆதகூர்க் கல்லைப் பார்த்தவனுக்குச் சிரிப்பு வராது.

சிறுத்தை இன்னொரு கதை. காட்டுயிர் ஆய்வாளர் சஞ்சய் குப்பியின் குழுவினர் கேமரா வைத்துச் செய்த கணக்கெடுப்பு, பெங்களூரைச் சுற்றிய காடுகளிலும் குன்றுகளிலும் 80 முதல் 85 சிறுத்தைகள் இருக்கலாம் என்று 2025-இல் சொன்னது. 2016-இல் ஒரு பள்ளி வளாகத்துக்குள் புகுந்த சிறுத்தையைப் பிடிக்கப் போய்க் கடி வாங்கியவரும் இதே குப்பிதான். 2023 அக்டோபர் கடைசியில் கூட்லு கேட் பக்கம் அடுக்குமாடி வளாகத்தில் திரிந்த சிறுத்தை, பிடிக்கும் முயற்சியில் செத்துப்போனது. அந்தச் சிறுத்தைக்கு ஒரு கல் உண்டா? சுவர்ச் சிறுத்தைகளுக்கு மட்டும் குறைவில்லை. அவை ஆப்பிரிக்காவைப் போன்ற ஒரு மஞ்சள் புல்வெளியில் நிற்கும்.

இதில் விதிவிலக்காக ஒருவரைச் சொல்ல வேண்டும். மைசூர்க்காரரான பாதல் நஞ்சுண்டசாமி 2015 ஜூனில் சுல்தான்பாளையாவில், தண்ணீர் தேங்கிய ஒரு பெரிய பள்ளத்தில் முழு அளவு முதலை பொம்மையைக் கொண்டுபோய் விட்டார். ஜீவனஹள்ளியிலிருந்து அது ஒன்றும் பெரிய தூரமில்லை. பள்ளத்தைச் சுற்றிப் பச்சை வண்ணம் அடித்துக் குளமாகவே ஆக்கியிருந்தார். பேப்பரில் படம் வந்தது, பள்ளம் மூடப்பட்டது. அவருடைய குறி ரோட்டின்மேல்தான், முதலைமேல் இல்லை. ஆனாலும் ஏரிகளைத் தூர்த்து வீடு கட்டிய ஒரு நகரத்தின் நடுரோட்டில் நீர்வாழ் பிராணி ஒன்று வாயைத் திறந்துகொண்டு கிடந்தது, ஓவியர் நினைத்ததைவிடக் கூடுதலாகவே எதையோ சொன்னது.

பழைய முறை அப்படியே திரும்பி வந்தது 2024 பிப்ரவரியில், லால்பாக்கில். உண்ணிச்செடிக் குச்சியால் செய்த முழு அளவு யானைகள் புல்வெளியிலும் மரத்தடியிலும் கூட்டமாக நின்றன. வேலியோ மேடையோ இல்லை. செய்தவர்கள் நம்மவர்கள்: நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பக்கத்துப் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், கர்நாடக எல்லையோரத்துச் சோலிகர். தார்ஷ் தேக்கேகரா, சுப்ரா நாயர் ஆகியோரின் ரியல் எலிஃபன்ட் கலெக்டிவ் இதன் பின்னால். லண்டனில் மார்க் ஷாண்ட் தொடங்கிய எலிஃபன்ட் ஃபேமிலி என்ற அமைப்பு கைகொடுத்தது. 2021 கோடையில் லண்டன் பூங்காக்களிலும் இதே போன்ற யானைகள் நின்றன. பெங்களூருக்குப் பிறகு நூறு யானைகள் கப்பலேறி, 2024 செப்டம்பரில் நியூயார்க்கின் மீட்பேக்கிங் பகுதித் தெருக்களில் நின்றன. ஒரு காலத்தில் இறைச்சி வெட்டிய பேட்டை அது.

செய்முறையைச் சொல்லாமல் விட முடியாது. உண்ணிச்செடி, அந்தச் சின்னச் சின்ன மஞ்சள் ரோஸ் பூக்கள் பூக்குமே அதுதான், வெள்ளைக்காரன் தோட்ட அழகுக்காக 1800-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. இதுவும் அமெரிக்கக் கண்டத்துச் செடி. இன்று தென்னிந்தியக் காடுகளில் புல் முளைக்க இடம் விடாமல் புதராக அடைத்துக்கொண்டிருக்கிறது. தீனி குறைந்தால் யானை தோட்டத்துக்குள் இறங்காமல் என்ன செய்யும்? அந்தச் செடியையே வெட்டி, பெரிய கொப்பரையில் வேகவைத்து, பட்டை உரித்து, வளையும் பதத்தில் இரும்புச் சட்டத்தின்மேல் சுற்றிச் சுற்றிக் கட்டுகிறார்கள். துதிக்கையின் மடிப்பு, காதின் ஓரத்துக் கிழிசல், முதுகின் மேடு எல்லாம் குச்சியின் ஓட்டத்திலேயே வந்துவிடுகிறது. பசவனகுடிக் காளை அமெரிக்கக் கடலையை மேய்ந்து கல்லானது. கூடலூர் யானை அமெரிக்கப் புதரைக் கொண்டே உருவம் எடுத்திருக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்த பொருத்தமில்லை, ஆனால் இந்த ஊருக்குப் பொருந்துகிறது.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஒவ்வொரு உருவத்துக்கும் கூடலூர்ப் பக்கம் உயிரோடு நடமாடும் ஒரு யானை முன்மாதிரி. தேயிலைத் தோட்டத்துக்குள் வரும் யானை, ரேஷன் கடைச் சுவரைத் தள்ளும் யானை, குட்டியோடு ரோட்டைக் கடக்கும் யானை. ஊர்க்காரர்கள் பேர் வைத்துக் கூப்பிடும் யானைகள். செய்தவர்கள் இவற்றை வாசலில் பார்த்தவர்கள், பயந்து ஓடியவர்கள், உறவை இழந்தவர்களும் அவர்களில் இருப்பார்கள். அதனால்தான் அந்த உருவங்களில் சுவர் யானைகளின் சுற்றுலாத் துறைச் சிரிப்பு இல்லை. விற்று வரும் பணம் செய்தவர்களுக்கும், மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழ்வதற்கான வேலைகளுக்கும் போகிறது. அமெரிக்காவில் ஒரு யானை ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோகிறது. பணக்காரர் வீட்டுப் புல்தரையில் போய் நிற்பதற்கா இத்தனை பாடு என்ற முணுமுணுப்பு எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் காசு கூடலூர்ச் சந்தையில் அரிசி வாங்குகிறது என்பதால் முணுமுணுப்போடு நிறுத்திக்கொள்கிறேன்.

லால்பாக்குக்கு யானை வந்தது சரி. ஜீவனஹள்ளியில் யானை கிடையாது. இங்கே ஒரு சுவர் காலியாக இருந்து, கையில் பெயின்டும் இருந்தால் யாரை வரைவது என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாளாக இருக்கிறது. அந்தப் பக்கத்து இறைச்சிக் கடைக்காரர் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். காலையில் கழிவை வாளியில் எடுத்து வெளியே வந்தாலே மேலே பருந்துகள் தாழ இறங்கிவிடும். அவர் ஒரு துண்டை மேலே வீசுவார். கீழே விழுமுன் காலால் கவ்விக்கொண்டு போய்விடும், ஒன்றுகூடத் தவறாது.

"என்ன பாய், பருந்துக்கெல்லாம் தினம் படியளக்கறீங்க?"

"எல்லாம் நம்ம கஸ்டமர் சார். காசு மட்டும் தராது."

"இந்தச் சுவத்துல பருந்தை வரைஞ்சா எப்படி இருக்கும்?"

அவர் சுவரைப் பார்த்தார். கத்தியைக் கட்டையில் ஒரு பக்கமாக வைத்துவிட்டு, கடைக்குக் கீழே நிழலில் படுத்திருந்த நாயைக் காலால் மெல்லத் தொட்டார். அது கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. காதின் நுனியில் கருத்தடை செய்ததற்கான வெட்டு.

"பருந்து எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் சார், எது எதுன்னு யாருக்குத் தெரியும். வரையறதுன்னா இவனை வரைங்க. எட்டு வருஷமா இங்கதான். போன மழைக்கு அந்த மெக்கானிக் ஷெட்ல பூந்த திருடனை இவன்தான் புடிச்சு நிறுத்தினான், தெரு முழுக்கச் சொல்லும். ஆனா நாய்னு பொதுவா வரைஞ்சுடாதீங்க. இந்தக் காது வெட்டு வரணும், வால் நுனி வெள்ளை வரணும், முன்கால் ஒண்ணு லேசா கோணல், அதுவும் வரணும். இல்லேன்னா பசங்க வேற எதோ நாய்னு சொல்லிடுவாங்க."